அஞ்சு வருஷம் கட்டடம், ரெண்டு வருஷம் புல்லு

டிசைன் படிக்கப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டியாமா கண்ணு? என்ன டிசைனு, சேலை டிசைனா பத்திரிகை டிசைனான்னு உங்கப்பனுக்கு வெளங்கலையாம். "இஞ்சினீரிங்கு கெடைக்காதவங்க போறதா சாமி அது?"ன்னு உங்காத்தா கேட்டாளாம். ரெண்டு பேரையும் கோவிச்சுக்காதே. எங்கூட்டுலயும் இதே கூத்துதான் நடந்துச்சு. பேத்தி ஆர்க்கிடெக்சர் படிக்கறேன்னதும், "கொத்து வேலைக்கு அஞ்சு வருஷப் படிப்பா? மேஸ்திரிகிட்டச் சேத்துவுட்டா ஆறு மாசத்துல பழகிக்குமே"ன்னு என்ற மச்சான் ஒருத்தன் கேட்டான். அவன் ஊடு கட்டி மூணு வருஷமாச்சு. மழை பேஞ்சா மொட்டை மாடித் தண்ணி இன்னைக்கும் படிக்கட்டு வழியாத்தான் எறங்கி வருது.

பேத்தி அஞ்சு வருஷம் கட்டடம் படிச்சா. அது பத்தாதுன்னு லேண்ட்ஸ்கேப்புன்னு இன்னொரு ரெண்டு வருஷம். ஏழு வருஷமும் லீவுக்கு லீவு வந்து, "அப்புச்சி, இது தெரியுமா, அது தெரியுமா"ன்னு திண்ணையில உக்காத்தி வெச்சு எனக்கும் பாடம் நடத்திப்போட்டா. ஃபீஸு கட்டுனது ஒருத்தருக்கு, படிச்சது ரெண்டு பேரு. பரீட்சை மட்டுந்தான் நான் எழுதலை. அதனால காங்கயத்துக் கெழவனுக்கு இதுல என்ன தெரியும்னு நெனைக்காதே. சித்த நேரம் கம்முனு கேளு.

நீயும் கட்டட டிசைன் பக்கந்தானே போறே? மொதப்படி நாட்டா. ஆர்க்கிடெக்சர் கவுன்சில் 2006-லேர்ந்து நடத்தற நுழைவுத் தேர்வு. என்.ஐ.டி., எஸ்.பி.ஏ. பக்கம் போகோணும்னா அது வேற, ஜே.இ.இ.யில ரெண்டாம் தாளு. கையில படம் வருதா, பாத்த பொருளை மனசுக்குள்ள திருப்பிப் பாக்கத் தெரியுதா, கற்பனை இருக்குதான்னு சோதிக்கறாங்க. நல்ல சோதனைதான், நான் குத்தம் சொல்லலை. ஆனா கற்பனைக்கும் கோச்சிங் சென்டர் வெச்சிருக்காங்க பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு தாங்கலை. கோயமுத்தூர்ல ஒரு மாடியில முப்பது பிள்ளைங்க வரிசையா உக்காந்து, வாத்தியாரு போர்டுல போட்ட படத்தைப் பாத்து, ஒரே மாதிரி சொந்தமா யோசிக்குதுங்க.

சரி, உள்ள போயிட்டே. மொத வருஷம் எதைக் கட்டச் சொல்லித் தருவாங்கன்னு நெனைக்கறே? ஒன்னையும் கட்டச் சொல்ல மாட்டாங்க. வெள்ளை அட்டையில கறுப்புச் சதுரம் ஒட்டச் சொல்லுவாங்க. நாலு சதுரத்தை ஒட்டி அமைதியைக் காட்டு, அதே நாலை நகத்தி ஒட்டிக் கலவரத்தைக் காட்டும்பாங்க. பேத்தி ராத்திரி முச்சூடும் ஒட்டுனா. வெடியால எந்திரிச்சுப் பாத்துட்டு, "எது அம்மிணி கலவரம்?"னு கேட்டேன். "நீங்க தலைகீழாப் புடிச்சிருக்கீங்க அப்புச்சி"ன்னா.

அப்புறம் மாடலு. மில் போர்டு, கட்டரு, ஃபெவிகாலு. வெரல்ல பேண்டேஜு இல்லாத பிள்ளை அந்தக் காலேஜுலயே கெடையாது. ஒன்னுக்கு நூறு அளவுன்னா உள்ளங்கை அகலத்துல பத்து மீட்டரு அடங்கிப்போகும். திண்ணை, ஆசாரம், அடுப்படி, பொடக்காளி எல்லாம் சேத்து ஒரு சோத்து வட்டல்ல வெச்சு நீட்டலாம். அந்த ஊட்டைச் சுத்தி மரம் வேணுமே? வேலியோரம் காஞ்சு கெடந்த பூண்டைப் பறிச்சு, பச்சைப் பெயிண்டுல முக்கி, ஒவ்வொன்னா நட்டுவெச்சா. பஸ்ஸுல மடி மேல வெச்சுக்கிட்டு, பிரேக் போட்ட டிரைவரை எல்லாம் மொறைச்சுக்கிட்டே போனா. அங்க ஜூரின்னு மார்க்குப் போட வந்த ஆளு ஒரு வார்த்தை பேசறதுக்கு முன்னால கூரையைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு, "இது எதுக்கு?"ன்னு கேட்டாராம்.

ஜூரிக்கு வர்றவங்களைப் பத்திச் சொல்லோணும். சித்திரை வெயில்லயும் கறுப்புச் சட்டை. வட்டக் கண்ணாடி. நீ மூணு வாரம் தூங்காம வரைஞ்சதை மூணு நிமிஷம் பாப்பாங்க. தாடையைத் தடவிக்கிட்டு "ஏன்?"னு ஒரு கேள்வி கேப்பாங்க. சட்டையைப் பாத்துச் சிரிச்சுக்கோ, அந்தக் கேள்வியைப் பாத்துச் சிரிக்காதே. மொத்தப் படிப்புலயும் உருப்படியானது அதுதான். மேக்க எதுக்குச் சன்னலு வெச்சே? மத்தியானத்துக்கு மேல வெயிலு உள்ள வந்து கட்டிலை வேக வெக்குமே. ஆனா நம்ம பக்கம் ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக் காத்து மேக்கேர்ந்துதானே வருது? அதை அடைச்சுப்போட்டு ஃபேன் மாட்டுவியா? அப்ப வெயிலைத் தடுத்துக் காத்தை மட்டும் உள்ள வுடறது எப்படி? எரவாரத்தை எறக்கலாமா, வெளிய ஒரு மரம் வெக்கலாமா, திண்ணையை அந்தப் பக்கட்டுத் திருப்பலாமா? இப்படி ஒரு "ஏன்"ல இருந்து பத்து வழி பொறந்தா நீ படிச்ச ஆளு.

பாதிப்பேரு அந்தக் கேள்விக்கு என்ன பதிலு சொல்றாங்க தெரியுமா? "கான்செப்ட் சார்"ங்கறாங்க. கூடப் படிச்ச பையன் ஒருத்தன் காங்கயத்துக்கு ஒரு பஸ் ஸ்டாண்டு வரைஞ்சான். கான்செப்டு காளையாம். மேலேர்ந்து பாத்தா ரெண்டு கொம்பு தெரியும். யாரு சாமி மேலேர்ந்து பாக்கறது? பஸ் ஸ்டாண்டுக்கு வர்ற கெழவி காக்காயா? அந்தக் கொம்பு வளைவுல பஸ்ஸு திரும்பறதுக்கு எடமே இல்லை. கக்கூசு காளையோட வாலுப் பக்கம் போயிருச்சு. அது ஒன்னுதான் அந்தப் படத்துல பொருத்தமா இருந்துச்சு. பஸ் ஸ்டாண்டுன்னா என்ன வேணும் கண்ணு? நிழலு வேணும், உக்கார எடம் வேணும், குடிக்கத் தண்ணி வேணும், மூக்கைப் பொத்தாம போற கக்கூசு வேணும், எந்த பஸ்ஸு எங்க நிக்கும்னு படிக்காதவனுக்கும் தெரியோணும். இதையெல்லாம் குடுத்துட்டு அப்புறம் கொம்பு வை, வாலு வை. யாரு வேண்டாங்கறது?

இன்னொரு கூத்து. மூணாம் வருஷம் "நாசாவுக்குப் போறேன் அப்புச்சி"ன்னா. நானும் ஊரெல்லாம் சொல்லிப்போட்டேன். வாரச் சந்தையில வெத்தலைக்காரன், "ராக்கெட்டு எப்பக் கெளம்புது?"ன்னு கேக்கற அளவுக்குப் போயிருச்சு. கடைசியில பாத்தா ஆர்க்கிடெக்சர் படிக்கற பிள்ளைங்களுக்கு நாடு பூராவும் ஒரு சங்கம், அதுக்குப் பேரு நாசா, 1957-லேர்ந்து இருக்குது. வருஷா வருஷம் கூடுவாங்க, போட்டி வெப்பாங்க, ராத்திரி ஆட்டம் போடுவாங்க. போயிட்டு வா, நல்லதுதான். ஊருல மட்டும் முழுப் பேரைச் சொல்லிட்டுப் போ.

அதே வருஷந்தான் கூடப் படிக்கறவங்களைக் கூட்டிக்கிட்டு எங்க கொறங்காட்டுக்கு, அதான் வேலி போட்ட மேய்ச்சக் காட்டுக்கு, வந்தா. சைட் அனாலிசிஸாம். அங்க ஒரு ரிசார்ட்டு கட்டறாப்பல பாவிச்சு வரையோணுமாம். வந்ததும் வராததுமா ட்ரோனைப் பறக்கவுட்டாங்க. ஆடு அம்புட்டும் மெரண்டு இட்டேரிக்குள்ள ஓடிப்போச்சு. சூரியன் எந்தப் பக்கம் உதிக்குதுன்னு போன்ல ஒரு ஆப்பைத் தொறந்து பாத்தாங்க. நான் கெழக்கைப் பாத்துக் கையை நீட்டுனேன். "வெரிஃபை பண்ணிக்கறோம் தாத்தா"ன்னான் ஒரு பையன். பண்ணுனான். சூரியன் பாஸாயிருச்சு.

சாயங்காலம் அவன் போட்ட படத்தைக் காட்டுனான். குளத்தைக் காட்டுலயே ஒசந்த மேட்டுல வெச்சிருந்தான். வியூ நல்லாருக்குமாம். "மேட்டுக்குத் தண்ணி எப்படி ஏறும் சாமி?" "பம்ப்பு வெச்சுக்கலாம் தாத்தா." "எங்கேர்ந்து பம்ப்பு?" "போர்லேர்ந்து." "போர்ல தண்ணி?" "இருக்குங்களா?" இதைத்தானே சாமி நீ வந்ததும் கேட்டிருக்கோணும்!

கையைப் புடிச்சுக் கீமூலைக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். அங்க கிளுவை வேலியோட அடியில, முழங்காலுக்குக் கீழ, சருகும் புல்லுத் தும்பும் காஞ்ச சாணித் துணுக்கும் ஒரே மட்டமா ஒட்டி நின்னுது. நூலு புடிச்சுக் கட்டுனாக்கூட அத்தனை நேரா வராது. போன ஐப்பசி மழைத் தண்ணி அந்த ஒசரத்துக்கு நின்னுட்டுப் போயிருக்குது. தரையில வண்டலு காஞ்சு பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்துச்சு. மேட்டுப் பக்கம் அதே மண்ணு சரளையும் கல்லுமா இருந்துச்சு. ட்ரோனு இதையெல்லாம் பாக்கலை, அது ஆட்டைத்தான் பாத்துச்சு. வந்தவங்கள்ல ஒரு பொண்ணு மட்டும் போனைப் பையில போட்டுட்டு, அந்தச் சருகுக் கோட்டைப் புடிச்சே வேலியோரம் நடந்து நடந்து வரைஞ்சுது. தண்ணி எங்க நுழையுது, எங்க நிக்குது, எந்தச் சந்துல வெளிய போகுதுன்னு அத்தனையும் அந்தத் தாள்ல இருந்துச்சு. அது இன்னைக்கு எந்த ஊருல வேலை பாக்குதோ தெரியலை. எங்க இருந்தாலும் பொழைச்சுக்கும்.

படிப்பு முடிச்சா என்ன? கவுன்சில்ல பேரைப் பதிஞ்சாத்தான் ஆர்க்கிடெக்ட்டுன்னு போர்டு மாட்டலாம். 1972-ல வந்த சட்டம். ஆனா அந்தப் பேரைப் போட்டுக்கறதைத்தான் சட்டம் தடுக்குது, கட்டடம் வரையற வேலையைத் தடுக்கலைன்னு 2020-ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிப்போட்டுது. என்ற மச்சானோட மேஸ்திரிக்கு ஏகச் சந்தோஷம். அதே சட்டத்துல 37-வது பிரிவுல ஒரு விலக்கு வேற இருக்குது. லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்டும் நேவல் ஆர்க்கிடெக்ட்டும் இந்தத் தடைக்குள்ள வர மாட்டாங்களாம். நேவல்னா கப்பலு. செடி கொடி பாக்கறவனையும் கப்பலு கட்டறவனையும் ஒரே வரியில ஒன்னா உக்காத்தி வெச்சிருக்குது டெல்லி. 2015-ல மெட்ராஸு வெள்ளத்துல ரெண்டு பேருக்கும் வேலை இருந்துச்சுங்கறது வேற விஷயம்.

லேண்ட்ஸ்கேப்பு படிக்கப் போறேன்னு பேத்தி சொன்னப்ப அவங்கம்மா கேட்டா: "புல்லு வெட்டறதுக்கு ரெண்டு வருஷமா?" நானும் அப்படித்தான் கேப்பேன்னு அவ எதிர்பாத்தா. நான் வாயைத் தொறக்கலை. புல்லு வெட்டற சோலியைச் சின்னதுன்னு நெனைக்கறவன் மாடு வெச்சுப் பாத்திருக்க மாட்டான். இந்தப் படிப்புக்கு அகமதாபாத்துல செப்ட்டு இருக்குது, 1962-ல ஆர்க்கிடெக்ட்டு தோஷி தொடங்குனது. 2018-ல பிரிட்ஸ்கர் பரிசு வாங்குனாரே, அவரேதான். டெல்லியில எஸ்.பி.ஏ. இருக்குது, நம்ம கிண்டியிலயும் ஒரு காலேஜு இருக்குது. பொதுவா பி.ஆர்க். முடிச்சுட்டு வர்றவங்களைத்தான் எடுக்கறாங்க. போனா மண்ணு, மட்டம், வடிகாலு, செடி, மரம்னு நடத்துவாங்க. காண்டூருன்னு ஒன்னு. ஒரே ஒசரத்துல இருக்கற எடத்தையெல்லாம் ஒரு கோட்டால சேக்கறது. எங்கப்பன் வரப்புப் போட்டதை மேலேர்ந்து பாத்தா அந்தக் கோடுதான் தெரியும். அவரு சாஃப்ட்வேரு வெச்சிருக்கலை, ஒரு பாட்டம் மழை வர்ற வரைக்கும் காத்திருந்தாரு.

ரெண்டாம் வருஷம் முகமது ஷாகீருன்னு ஒரு ஆளைப் பத்திச் சொன்னா. டெல்லி எஸ்.பி.ஏ.யில லேண்ட்ஸ்கேப்பு வாத்தியாரு, 2015-ல காலமாயிட்டாரு. ஹுமாயூன் சமாதித் தோட்டத்தைப் புதுப்பிக்கற வேலையில இருந்தவரு. பக்கத்துல சுந்தர் நர்சரின்னு இப்ப டெல்லிக்காரங்க சோறு கட்டிக்கிட்டுப் போயி உக்கார்ற எடமும் அவரு போட்டதுதான். ஹுமாயூன் தோட்டத்து வாய்க்காலுக்கு வாட்டம் எவ்வளவு வெச்சாங்க தெரியுமா? நாப்பது மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டரு! அவ்வளவுதான். பம்ப்பு தள்ளாம தண்ணி தானா நகந்து போகோணும், ஆனா ஓடறதே தெரியக்கூடாது. நான் அன்னைக்கு ராத்திரி தூங்கலை கண்ணு. நம்மூருல குளியலறைக்கு வாட்டம் வெக்கச் சொன்னா, தண்ணி கதவுப் பக்கமாக் கெளம்பிக் கட்டிலுக்கடியில போயி நிக்குது.

அப்படிப் படிச்சுட்டு வந்த ஆளுங்களை வெச்சு நம்ம சனம் என்ன வேலை வாங்குது? கோயமுத்தூரு ரோட்டுல வில்லா போட்டிருக்காங்கல்ல, போயிப் பாரு. வாசல்ல ரெண்டு வரிசை சீமைப் பனை. நரிவாலுன்னு பேராம். கிரேன்ல கொண்டாந்து எறக்கி, நாலு பக்கமும் முட்டுக் குடுத்து நிறுத்தியிருக்காங்க. உச்சி வெயில்ல அதுக்கடியில போயி நின்னு பாத்தேன். நிழலு என்ற தலைக்கு விழுந்துச்சு, தோளுக்கு விழலை. பக்கத்துல கொரியன் புல்லு. தெனம் தண்ணி, வாரம் வெட்டு, மாசம் உரம். அதுல மாட்டை வுடலாமான்னு கேட்டேன். வாட்ச்மேன் என்னை வெளிய தாட்டிவுட்டான். மாடு தின்னக்கூடாத புல்லை வெட்டிக் குப்பையில கொட்டறாங்க, அந்தக் குப்பையை அள்ளறதுக்குத் தனியாக் காசு குடுக்கறாங்க. இந்தக் கணக்கை எவன் போட்டான்னு பேத்திகிட்டக் கேட்டா, "ஓனருக்குத் துபாயில பாத்தது வேணுமாம் அப்புச்சி"ங்கறா. துபாய்க்காரன் காசு குடுத்து நிழலு தேடறான். நம்மாளு புங்கனையும் வேம்பையும் வெட்டிப்போட்டுத் துபாயைக் கொண்டாறான்.

சும்மா பாக்கறதுக்குன்னு மரம் வெச்சா என்ன ஆகும்னு 2016-ல வர்தா புயலு மெட்ராஸுக்குச் சொல்லிக் குடுத்துச்சு. ஆயிரக்கணக்குல மரம் சாஞ்சுது. செம்மயில்கொன்னை, இயல்வாகைன்னு பூவுக்காக வெளிநாட்டுலேர்ந்து கொண்டாந்து வெச்சது அதுல ஏகப்பட்டது. மரத்தை மட்டும் குத்தம் சொல்லக்கூடாது. நடைபாதை போடறேன்னு வேரை வெட்டிப்போட்டு, அடிமரத்துக் கழுத்து வரைக்கும் சிமெண்டைப் பூசி வெச்சா அது எதைப் புடிச்சுக்கிட்டு நிக்கும்? அதே மெட்ராஸுல நல்ல வேலையும் நடந்திருக்குது. அடையாறு முகத்துவாரத்துல குப்பையும் இடிச்ச கட்டடமும் கொட்டிக் கெடந்த 58 ஏக்கரைச் சுத்தம் பண்ணி, ஆரோவில்லு பிச்சாண்டிக்குளத்து ஆளுங்க நம்ம மண்ணு மரமாப் பாத்து வெச்சு, தண்ணியைத் திருப்பிக் கொண்டாந்தாங்க. 2011-ல தொல்காப்பியப் பூங்கான்னு தொறந்தாங்க. அங்க போனா டிசைனு கண்ணுக்கே தெரியாது. ஃபோட்டோவுல அழகா வராது. பறவைங்களுக்கு அதைப் பத்திக் கவலை இல்லை.

எங்க கொறங்காடும் அப்படித்தான். பாக்கறவனுக்கு முள்ளுக்காடு. கிளுவைப் போத்தை வெட்டி நட்டா அதுவே வேலியாயிரும், கம்பி வேண்டாம், கல்லுக்கால் வேண்டாம். உள்ள கொழுக்கட்டைப் புல்லு. கோடையில காஞ்சு செத்தாப்பல கெடக்கும், ஒரு மழைக்கு எந்திரிச்சுக்கும். அங்கங்க வெள்வேலமரம். புல்லு தீந்துபோற கோடையில அதுலேர்ந்து நெத்து உதுரும், ஆடு மாட்டுக்கு அதுதான் சோறு. ஒரு காடு மேஞ்சதும் கடவை அடைச்சுட்டு மாட்டை அடுத்த காட்டுக்கு மாத்துவோம். காங்கயம் காளை, காளைன்னு பஸ் ஸ்டாண்டுக்குக் கொம்பு வெச்சானே ஒருத்தன், அந்தக் காளை வளந்தது இந்த முள்ளுக்குள்ளதான். பேத்தி இதையே கடைசி வருஷம் வரைஞ்சு கொண்டுபோனா. வெளிய இருந்து வந்த கறுப்புச் சட்டைக்காரரு கால் மணி நேரம் படத்தையே பாத்துட்டு, "இதை யாரு டிசைன் பண்ணுனது?"ன்னு கேட்டாராம். "மாடு சார்"னு சொல்லியிருக்கா. குசும்பு எங்க பக்கத்துது.

இப்ப விஷயத்துக்கு வாரேன். இந்தப் படிப்புல எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கலு. மொதல்ல அஞ்சு வருஷம் கட்டடத்தைச் சொல்லிக் குடுத்துட்டு, அப்புறம் ஆசைப்பட்டவனுக்கு மட்டும் ரெண்டு வருஷம் நெலத்தைச் சொல்லிக் குடுக்கறாங்க. நெலம் அங்க முன்னாலயே இருந்துச்சே சாமி? பி.ஆர்க்.லயும் ஒரு பேப்பரு ரெண்டு பேப்பரு லேண்ட்ஸ்கேப்பு உண்டுதான். ஆனா கட்டடத்தை முடிச்சுட்டு மிச்ச எடத்துல பச்சையை அடிக்கறதுக்குத்தான் முக்காவாசிப்பேரு அதை வெச்சிருக்கான்.

தலைகீழா வந்த ஆளு ஒருத்தரு இருக்காரு. சிலோன்காரரு, ஜெஃப்ரி பாவா. 1919-ல பொறந்தவரு. வக்கீலுக்குப் படிச்சு, கோட்டும் மாட்டிக்கிட்டாரு. அந்தச் சோலி புடிக்கலை. 1948-ல பென்தோட்டைப் பக்கம் ஏரிக்கரையில ஒரு ரப்பர்த் தோட்டத்தை வாங்குனாரு, லுனுகங்கன்னு பேரு. அதைத் தோட்டமா மாத்தோணும்னு எறங்குனாரு. எறங்குனா, ஆசை இருக்குது, தொழிலு தெரியலை. அதுக்கோசரம் ஆர்க்கிடெக்சர் படிக்க லண்டனுக்குப் போனாரு. 1957-ல பட்டம் வாங்கறப்ப வயசு 38. உனக்கு ஒரு வருஷம் வீணாப்போச்சுன்னு உங்கப்பன் பொலம்புனா இந்தக் கணக்கைச் சொல்லு.

அந்தத் தோட்டத்துல அவரு சாகற வரைக்கும், 2003 வரைக்கும், வேலை பாத்துக்கிட்டே இருந்தாரு. மண்ணை வெட்டி மேட்டைத் தாழ்த்தி ஏரியைக் கண்ணுக்குக் கொண்டாந்தாரு. ஈழத்தலரி மரத்துக் கெளை மேல போகாம பக்கவாட்டுல படரோணும்னு அதுல கனம் கட்டித் தொங்கவுட்டாரு. கல்லு கட்டுன கெளை வளைஞ்சு வர்றதுக்கு எத்தனை வருஷம் ஆகும்னு யோசிச்சுப் பாரு. கம்ப்யூட்டர்ல நீ ஒரு மரத்தை இழுத்து வெச்சதும் அது முழு வளத்தியில நிக்குது. பாவாவுக்கு அந்த வசதி கெடைக்கலை. அதனாலதான் அந்தத் தோட்டம் அப்படி இருக்குது.

நெலத்துலேர்ந்து ஆரம்பிச்சவன் கட்டடத்துக்கு வந்தா என்ன பண்ணுவான்னு தம்புள்ளைப் பக்கம் கண்டலமயில பாக்கலாம். ஹோட்டலு கட்டறவங்க சிகிரியாக் குன்று அடிவாரத்துல எடம் காட்டுனாங்களாம். அங்க வேண்டாம்னு தள்ளிப்போயி, ஏரியைப் பாத்த ஒரு பாறைச் சரிவைத் தேர்ந்தெடுத்தாரு. பாறையை ஒட்டியே கட்டடம் நீளமாப் போகுது. கூரை மேல செடி, முகப்புல கொடி. இன்னைக்கு ஏரிக்கு அந்தப் பக்கட்டு நின்னு பாத்தா கட்டடத்தைத் தேடோணும். மேலேர்ந்து பாத்தா கொம்பு தெரியோணும்னு அவருக்குத் தோணவே இல்லை. மெட்ராஸு கன்னிமாரா ஹோட்டல்லயும் 1970-கள்ல வேலை பாத்திருக்காரு, மதுரை கிளப்பும் அவரு கைவரிசைதான். முடிஞ்சா போயிப் பாரு. உள்ள வுட மாட்டேன்னா வெளிய நின்னு நிழலு எப்படி விழுதுன்னாவது பாத்துட்டு வா.

அதே மாதிரி திருவனந்தபுரத்துல லாரி பேக்கருன்னு ஒரு வெள்ளைக்காரரு இருந்தாரு, 2007-ல போயிட்டாரு. செங்கல்லைப் படுக்க வெக்காம குத்துக்கால்ல நிறுத்தி, நடுவுல சந்து வுட்டு, எலிப்பொறிக் கட்டுன்னு கட்டுவாரு. கல்லும் கால்வாசி மிச்சம், சூடும் கம்மி. மரம் குறுக்க நின்னா செவுத்தை வளைச்சுக்குவாரு, மரத்தை வெட்ட மாட்டாரு. மேஸ்திரியோட மேஸ்திரியா நின்னு கட்டுன ஆளு. அவரைப் பத்தி நெறையச் சொல்லலாம். உனக்கு இப்பவே கொட்டாவி வருது.

அதனால கண்ணு, போயிப் படி. ஏழு வருஷமும் படி. ரெண்டையும் படிச்சவன் கம்மி, ரெண்டும் தெரிஞ்சவனுக்கு இன்னைக்கு ஏரிக்கரையிலயும் வேலை இருக்குது, பஸ் ஸ்டாண்டுலயும் வேலை இருக்குது. கறுப்புச் சட்டை வேணும்னாலும் போட்டுக்கோ, பருத்தியாப் பாத்து எடு. ஒவ்வொரு கோடை லீவுலயும் கட்டட வேலை நடக்கற எடத்துல ஒரு வாரமாவது போயி நில்லு. டியூப் மட்டம் புடிக்கத் தெரியோணும், தூக்குகுண்டு ஆடி நிக்கற வரைக்கும் பொறுமை வேணும், கலவையில தண்ணி எச்சாயிருச்சுன்னு சத்தத்துலயே கண்டுபுடிக்கோணும். கொத்தனாரை "அண்ணா"ன்னு கூப்புடு, சொல்லிக் குடுப்பாரு. எடம் பாக்கப் போனா வெயில்லயும் போ, மழையிலயும் போ. மழையில போறப்ப ட்ரோனைக் கொண்டுபோகாதே, நனைஞ்சுரும்.

உங்கூட்டுப் பொடக்காளியில ஒரு புங்கங்கன்னு நிக்குது. போன வாரம் பாத்தேன், எலை சுருண்டு கெடக்குது. நாட்டாவுக்கு அப்ளிகேஷனை ராத்திரி போட்டுக்கலாம், மொதல்ல போயி அதுக்கு ஒரு கொடம் தண்ணி ஊத்து.